24 மடங்கு ஸ்கோப் தேவையா?

கேள்வி: என்னிடம் .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. கிளப்பில் 10 மீட்டரில் பேப்பர் டார்கெட் சுடுவேன். நண்பரின் தென்னந்தோப்பில் மண்மேடு போட்டு 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் பழகுகிறோம். ஸ்கோப் வாங்கக் கடைக்குப் போனால் 6-24×50, ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன், சிவப்பு விளக்கோடு மில் டாட் ரெட்டிகிள் உள்ளதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நண்பரோ சாதாரண 3-9×40 போதும் என்கிறார். விலையில் பெரிய வித்தியாசம். எனக்கு 47 வயது, மூக்குக் கண்ணாடி அணிபவன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் மாவட்டப் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். இதே ஸ்கோப் அவளுக்கும் உதவுமா?
– வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொன்னதும் வேண்டாம், நண்பர் சொன்னதும் வேண்டாம். 4-12×40 அளவில் (4 முதல் 12 மடங்கு, முன் லென்ஸ் 40 மி.மீ.), பேரலாக்ஸைத் திருப்பிச் சரிசெய்யும் வளையம் உள்ளதாக, அந்த வளையம் 10 கெஜம் வரை இறங்குவதாக, செகண்ட் ஃபோகல் பிளேனில் மெல்லிய கோடுள்ள ரெட்டிகிளோடு (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) ஒன்று வாங்குங்கள். பேரலாக்ஸ், ஃபோகல் பிளேன் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன். பெட்டியில் 'ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று போட்டிருக்க வேண்டும். மகளுக்கு இது உதவாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நண்பர் சொல்லும் 3-9×40 ஏன் வேண்டாம்? 9 மடங்கு உங்களுக்குத் தாராளமாகப் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அளவில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்கோப்புகள் வெடிமருந்தில் சுடும் பவுடர் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் பேரலாக்ஸ் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் சுடுவதோ 10 மீட்டரில்.

பேரலாக்ஸ் என்பது இதுதான்: பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து டிரைவர் முன்னால் இருக்கும் வேகமானியைப் பார்த்தால் முள் வேறொரு எண்ணின் மேல் நிற்பதுபோலத் தெரியும் அல்லவா? முள்ளும் எண் தட்டும் ஒரே தளத்தில் இல்லை, அதனால் பார்க்கும் கண் நகர்ந்தால் முள்ளும் நகர்கிறது. ஸ்கோப்புக்குள் டார்கெட்டின் பிம்பமும் ரெட்டிகிளும் ஒரே தளத்தில் விழாவிட்டால் இதே கதைதான். கன்னத்தை ரைஃபிளின் கட்டையில் வைக்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ரைஃபிள் அசையாவிட்டாலும் குறி மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுங்கள்: 40 மி.மீ. லென்ஸுக்கு 20 மி.மீ. டார்கெட் தூரத்துக்கும் பேரலாக்ஸ் வைத்திருக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, பேரலாக்ஸ் தூரத்தால் வகுத்துப் பெருக்குங்கள். 91-க்கு வைத்த ஸ்கோப்பில் 10 மீட்டரில் 20 × 81 ÷ 91, கிட்டத்தட்ட 18 மி.மீ. வருகிறது. இது கண் முழுக்க ஓரத்துக்குப் போனால் வரும் உச்சபட்சப் பிழை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 2.5 மி.மீ.தான். அப்படியானால் கன்னம் தவறியதற்காகவே ஏழு வளையம் வரை போகலாம். வழக்கமாக இதில் கால் பங்குதான் தவறும் என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய இரண்டு வளையம் போச்சு. இந்தப் பிழையோடு பெல்லட்டையும் டிரிக்கரையும் மாற்றி மாற்றிக் காசு செலவழிப்பவர்களைக் கிளப்பில் நிறையப் பார்க்கிறேன்.

வாங்கும் முன் கடையிலேயே சோதித்துவிடலாம். ஸ்கோப்பை ஒரு மணல் பையிலோ துணி மடிப்பிலோ அசையாமல் வையுங்கள். 10 மீட்டர் தள்ளி ஏதாவது எழுத்து உள்ள அட்டையை வைத்து அதன் மேல் குறுக்குக்கோட்டை நிறுத்துங்கள். இனி ஸ்கோப்பைத் தொடாதீர்கள். தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். கோடு அந்த எழுத்திலிருந்து விலகி நடந்தால் பேரலாக்ஸ் சரியில்லை. வளையத்தைத் திருப்பிக்கொண்டே வாருங்கள், ஓரிடத்தில் தலை நகர்ந்தாலும் கோடு எழுத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடம் 10 மீட்டரிலேயே கிடைத்தால் அது உங்கள் ஸ்கோப். கிடைக்காவிட்டால் எத்தனை மடங்கு என்று எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையத்தில் அச்சடித்த தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம், 10 என்று போட்டிருக்கும் இடம் உண்மையில் 12-ஆக இருக்கலாம். சோதனையில் கோடு நின்ற இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உருப்பெருக்கத்துக்கு வருவோம். 50 மீட்டரில் உள்ள டார்கெட்டை 10 மடங்கில் பார்ப்பது, அதை 5 மீட்டரில் வெறும் கண்ணால் பார்ப்பதற்குச் சமம். ஏர் ரைஃபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம். 5 மீட்டரில் அந்த அளவு வட்டத்தை நான்காகப் பிரித்துக் குறி வைக்க யாருக்கும் கஷ்டம் இல்லை. அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் 'ஹன்டர்' என்றொரு பிரிவு உண்டு, அதில் ஸ்கோப் 6 மடங்கைத் தாண்டக் கூடாது. அந்த 6 மடங்கை வைத்துக்கொண்டே 100 கெஜத்தில் 250-க்கு 250 எடுக்கிறார்கள். மேசையில் தாங்கி வைத்துச் சுடுகிறார்கள், ரைஃபிளும் அபாரமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குறி வைக்க 6 மடங்கு போதும் என்பது அதிலேயே தெரிகிறது.

அப்படியானால் 40, 50 மடங்கு ஸ்கோப்பெல்லாம் யாருக்கு? பிரிட்டனில் ஏர் ரைஃபிளுக்கு ஃபீல்ட் டார்கெட் என்று ஒரு போட்டி. தரையில் சிதறி நிற்கும் தகட்டு உருவங்களில் சிறு துளைக்குள் சுட வேண்டும். தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். உருப்பெருக்கம் கூடக் கூட, டார்கெட் ஒரே ஒரு தூரத்தில் மட்டும் கூர்மையாகத் தெரியும். அதனால் பக்கவாட்டுப் பெரிய சக்கரத்தைத் திருப்பி, படம் தெளியும் இடத்தைப் பார்த்து, சக்கரத்திலிருந்தே தூரத்தைப் படிக்கிறார்கள். அங்கே பெரிய உருப்பெருக்கத்தின் முக்கிய வேலை தூரம் அளப்பது. அதே நாட்டில், அதே சக்தியுள்ள ரைஃபிளில், ஹன்டர் ஃபீல்ட் டார்கெட் என்று இன்னொரு போட்டியும் நடக்கிறது. அதில் ஆட்டம் தொடங்கிய பிறகு ஸ்கோப்பில் எதையும் திருப்பக் கூடாது. அங்கே பெரும்பாலோர் 10 மடங்கை ஒட்டியே நிற்கிறார்கள், நிறைய குறிகள் உள்ள ரெட்டிகிளை நாடுகிறார்கள். ரைஃபிள் ஒன்றுதான், விதி மாறியதும் ஸ்கோப்பே மாறிவிட்டது. எனவே கடைக்குப் போகும்போது 'நல்ல ஸ்கோப் எது?' என்று கேட்காதீர்கள். எந்தத் தூரத்தில், எந்த டார்கெட்டில், எப்படிச் சுடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

உங்கள் தூரங்கள் தெரிந்தவை. 10, 25, 50. அளக்க ஒன்றும் இல்லை. அப்புறம் 24 மடங்கினால் நஷ்டங்கள் மட்டுமே மிஞ்சும்.

முதல் நஷ்டம் ஆட்டம். ஸ்கோப் உங்கள் கையை ஆட்டுவதில்லை, இருக்கிற ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அது மனத்தில் செய்யும் வேலைதான் கெடுதல். பயிற்சியில் அடிக்கடி பார்க்கிறேன்: 24 மடங்கில் பார்க்கிறவர் கோடு புள்ளியில் நிற்கட்டும் என்று காத்திருக்கிறார். அது நிற்பதில்லை. நாடித்துடிப்புக்கூட அதில் தெரிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து, பன்னிரண்டு வினாடி ஓடுகிறது, கண் மங்குகிறது. கடைசியில் கோடு புள்ளியைக் கடக்கும் நொடியில் வெடுக்கென்று டிரிக்கரை இழுக்கிறார். அதே ஆளை 8 மடங்குக்கு இறக்கிவிட்டால், சின்ன ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு ஐந்தாறு வினாடியில் மென்மையாக விடுகிறார். ஸ்பிரிங் ரைஃபிளில் இது இன்னும் முக்கியம். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள்ளேயே பிஸ்டன் முன்னும் பின்னும் உதைத்துவிடும், இறுக்கிப் பிடித்தால் சிதறும். தளர்வாகப் பிடித்து, நிதானமாக விடுகிற பழக்கம் வேண்டும். பதற்றத்தோடு அது வராது.

இரண்டாவது, வெளிச்சம். முன் லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம். 40-ஐ 10-ஆல் வகுத்தால் 4 மி.மீ. கிளப்பின் உள்ளரங்கத்து டியூப்லைட் வெளிச்சத்தில் 2 மி.மீ. கற்றை மங்கலாக இருக்கும். தலை இம்மி நகர்ந்தாலும் படம் கறுத்துவிடும். கண்ணாடி அணிபவருக்கு இது பெரிய தொல்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை. 24 மடங்கில், 50 மீட்டரில், ஸ்கோப்புக்குள் தெரியும் அகலம் ஏறக்குறைய முக்கால் மீட்டர். 4 மடங்கில் அதுவே நான்கு மீட்டரை ஒட்டி வரும். நீங்கள் சுடுவது தென்னந்தோப்பில். தேங்காய் பொறுக்க ஒருவர் பக்கவாட்டில் வந்தாலும் முக்கால் மீட்டர் ஜன்னலுக்குள் தெரிய மாட்டார். குறைந்த உருப்பெருக்கத்தில் இடத்தைப் பார்த்த பிறகே கூட்டுங்கள். மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தாமல், குழலைத் தரையை நோக்கி வைக்காமல் யாரும் டார்கெட் மாற்றப் போக வேண்டாம்.

கானலும் உண்டு. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் சூட்டில் டார்கெட் நெளியும். 50 மீட்டரில் அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஆனாலும் மதியம் 24 மடங்கில் பார்த்தால் கறுப்பு வட்டத்தின் விளிம்பு கொதிப்பதுபோல இருக்கும். காலையில் 12, மதியம் 8 என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி ரெட்டிகிள். இதில்தான் கடைக்காரர் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறார்.

ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் ரெட்டிகிள் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது படத்தோடு சேர்ந்து தானும் பெருக்கும். அதன் மில் குறிகள் எந்த உருப்பெருக்கத்திலும் சரியாக இருக்கும் (மில் என்பது ஒரு கோண அளவு, 10 மீட்டரில் 1 செ.மீ.). தெரியாத தூரங்களில் மாற்றி மாற்றிச் சுடுபவருக்கு அது வரம். ஆனால் கோட்டின் தடிமனும் சேர்ந்தே பெருக்கும். 0.06 மில் தடிமனுள்ள கோடு 10 மீட்டரில் 0.6 மி.மீ. மறைக்கும். 6 மடங்கிலும் அதே, 24 மடங்கிலும் அதே. 10 மீட்டர் டார்கெட்டின் பத்துப் புள்ளி, அதாவது பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி, 0.5 மி.மீ. விட்டம்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் புள்ளி கோட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். குறைந்த உருப்பெருக்கத்திலோ அந்தக் கோடு மயிரிழையாகி, மங்கலில் காணாமலே போகும்.

செகண்ட் ஃபோகல் பிளேனில் கோடு எப்போதும் ஒரே தடிமனில் தெரியும். படம் மட்டும் பெரிதாகும். 4 மடங்கில் மறைப்பதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் 12 மடங்கில் மறைக்கும். பேப்பர் டார்கெட்டுக்கு இதுவே நல்லது. ஆயிரம் கெஜம் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியாளர்களிலும் பலர் மெல்லிய குறுக்குக்கோடும் நடுவில் சிறு புள்ளியும் உள்ள செகண்ட் ஃபோகல் பிளேன் ஸ்கோப்பையே வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: இதில் மில் குறிகள் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே சரி. சில ஸ்கோப்பில் அது 10, சிலவற்றில் உச்சபட்ச அளவு. கூட வரும் காகிதத்தில் போட்டிருக்கும். 10-ல் சரியாக உள்ள ஒரு மில் இடைவெளி, 5-ல் இரண்டு மில்லாகிவிடும்.

மில் குறிகள் உங்களுக்குத் தேவையா என்றால், தேவைதான், கொஞ்சமாக. ஏன் என்று பாருங்கள். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு மேலே 4 முதல் 4.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பெல்லட் கீழிருந்து ஏறி வந்து பார்வைக்கோட்டைத் தொட்டு, பிறகு விழுகிறது. உங்களுடையது உரிமம் தேவைப்படாத வகை, அதாவது பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 10 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது குறுக்குக்கோடு நிற்கும் இடத்திலேயே பெல்லட் விழும்படி அமைத்தால், 25-ல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே விழும், 50-ல் கீழே போய்விடும். ஒன்று மேலே, ஒன்று கீழே, தலைவலி. அதற்குப் பதில் 25 மீட்டரில் ஜீரோ செய்யுங்கள். 10 மீட்டரில் சுமார் 1 செ.மீ. கீழே விழும், 50-ல் 10 முதல் 15 செ.மீ. கீழே விழும். இரண்டுமே கீழே! எனவே இரண்டு தூரத்துக்கும் கோட்டின் கீழ்ப்பாதிக் குறிகளை மட்டும் பயன்படுத்தினால் போதும். 10 மீட்டரில் ஒரு மில் என்பது 1 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ. அப்படியானால் 10-க்கு முதல் மில் பக்கத்தில், 50-க்கு இரண்டாவது மூன்றாவது மில்லுக்கு இடையில். உங்கள் பெல்லட்டின் எடையைப் பொறுத்துக் கொஞ்சம் நகரும். சுட்டுப் பார்த்துக் குறித்து, ஒரு சின்னத் தாளில் எழுதிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். டரட்டை, அதாவது ஸ்கோப்பின் மேலுள்ள குறி மாற்றும் திருகை, திருப்பித் திருப்பித் தூரம் மாற்றுவதை நடுத்தர விலை ஸ்கோப்பில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், திரும்பப் பழைய இடத்துக்கே சரியாக வந்து நிற்கும் என்ற நிச்சயம் அவற்றில் குறைவு.

அரை மில்லுக்கு ஒரு சிறு கோடு உள்ள ரெட்டிகிள், பழைய உருண்டைப் புள்ளி மில் டாட்டைவிட நல்லது. புள்ளியே டார்கெட்டை மறைக்கும். கிறிஸ்துமஸ் மரம்போலக் கீழே விரிந்து எண்கள் நிறைந்தவை உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கறுப்பு வட்டத்தின் மேல் கறுப்புக் கோடு தெரியாது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கடைக்காரர் சொன்ன சிவப்பு விளக்கு இங்கே கொஞ்சம் உதவும், மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால். அதைவிடச் செலவில்லாத வழி, டார்கெட்டை மாற்றுவது. வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு ஓரத்தோடு ஒரு சதுரம் வரையுங்கள், உள்ளே வெள்ளையாக விடுங்கள். குறுக்குக்கோடு சதுரத்தை நான்கு சம கட்டங்களாகப் பிரிக்கிறதா என்று கண் உடனே சொல்லிவிடும். ஸ்கோப் பயிற்சிக்கு அச்சடித்த டார்கெட்டைவிட இது மேல். கிளப்பில் அச்சடித்ததையே சுட வேண்டுமென்றால், பத்துப் புள்ளியைத் தேடாமல் கறுப்பு வட்டத்தை நான்காகப் பிரித்துக் குறி வையுங்கள்.

உங்கள் கண்ணாடி பற்றி. ஸ்கோப்பின் பின்பக்க வளையத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டே சரிசெய்யுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து, இரண்டு வினாடிக்கு மேல் உற்றுப் பார்க்காமல், பார்த்த கணத்திலேயே கோடு கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். அதிக நேரம் பார்த்தால் கண்ணே சமாளித்து ஏமாற்றிவிடும். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. நீங்கள் அணிவது புரோகிரசிவ் லென்ஸ் என்றால், தலையைக் கட்டையில் சாய்க்கும்போது லென்ஸின் எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்வது, ஸ்கோப்பில் செலவழிப்பதைவிடப் பயன் தரும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது 3 அங்குல இடைவெளி தருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

பொருத்தும்போது ஒன்று. பவுடர் துப்பாக்கி பின்பக்கமே உதைக்கும், அதற்காகச் செய்த ஸ்கோப் ஸ்பிரிங் ரைஃபிளின் இருபக்க உதையில் உள்ளே தளர்ந்து போகலாம். ஏர்கன்னுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னது இதனால்தான். ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்துவைக்கும் மவுன்ட்டும் அந்த உதையில் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். தடுப்பு ஆணி உள்ள ஒற்றைத் துண்டு மவுன்ட் வாங்கி, உங்கள் ரைஃபிளின் மேல் அதற்குரிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு மவுன்ட் உயர வேண்டும், கன்னம் கட்டையை விட்டுத் தூக்கும். 40 போதும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகளின் விஷயம். அவள் போக விரும்பும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. பின்னால் சிறு துளையுள்ள பீப் சைட், முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். எந்த உருப்பெருக்கமும் கிடையாது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். துளை வழியே வரும் வெளிச்சத்தில் முன்வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஒரே சீரான வெள்ளை வளையம் தெரிய வேண்டும். கண் பார்க்க வேண்டியது டார்கெட்டை அல்ல, முன்வளையத்தை. ஸ்கோப்பில் பழகிய பிள்ளைகள் டார்கெட்டையே தேடுகிறார்கள், அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகிறது. எனவே உங்கள் ஸ்கோப்பை அவள் கையில் இப்போது கொடுக்க வேண்டாம்.

ஸ்பிரிங் ரைஃபிளும் அவளுக்குச் சுமைதான். அந்த உதை தொடக்கத்திலேயே கண்ணை மூட வைத்துவிடும். 24 மடங்கு ஸ்கோப்பில் மிச்சமாகும் பணத்தை அவள் பெயரில் எடுத்து வையுங்கள். ஆனால் உடனே ரைஃபிள் வாங்கிவிடாதீர்கள். உங்கள் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேர்த்து, அங்கே இருக்கும் பீப் சைட் ரைஃபிளில் சில மாதம் சுடவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை வேகமாக வளர்வாள், கட்டையின் நீளமும் கன்னப் பலகையின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். எதை எப்போது வாங்குவது என்று அங்குள்ள பயிற்சியாளர் அவள் நிற்பதைப் பார்த்துச் சொல்வார்.